நாலாவது வரிசையில் பிள்ளையார்

காலை பத்தே காலுக்குப் பிள்ளையாரைக் காணவில்லை.

குருசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கம்ப்யூட்டர் திரையின் இடது மேல் மூலையில், எக்செல் ஷீட்டின் முதல் கட்டத்தில், சற்று முன்வரை 'உ' என்று அம்சமாக உட்கார்ந்திருந்தவர் இப்போது அங்கே இல்லை. அந்த இடத்தில் தறிப் பிரிவு அய்யனார் இருந்தார். அய்யனாரும் சாமி பெயர்தான் என்றாலும் ஆள் அப்படியில்லை.

ராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் துணி மில்லின் டைம் ஆபீஸில் குருசாமிக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். யார் வந்தார், யார் வரவில்லை, யார் மதியத்துக்கு மேல் வயிற்று வலி என்று போனார் என்பதை எல்லாம் நோட்டில் எழுதுவது அவர் வேலை. எந்த நோட்டை எடுத்தாலும் முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் மறு எழுத்து. மளிகைச் சீட்டுக்கே சுழி போடுகிறவர் எக்செல் ஷீட்டுக்கு மட்டும் போடாமல் விடுவாரா? முதல் கட்டத்தில் சுழியைப் போட்டு, அதற்குக் கீழே அறுபத்திரண்டு தொழிலாளிகளின் பெயரையும் ஒற்றை விரலால் குத்திக் குத்தி நாலு நாளில் ஏற்றி முடித்திருந்தார்.

எல்லாப் பெயரும் அகர வரிசையில் நின்றால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று ஓர் ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் வகுப்பில் மூன்றாம் நாள் சொல்லிக்கொடுத்த பொத்தானை அமுக்கினார். அறுபத்திரண்டு பேரும் ஒரு கண்சிமிட்டலில் இடம் மாறி வரிசையாக நின்றார்கள். ஷிப்டு மணி அடித்து இவர்களை வரிசையில் நிறுத்த அவர் பட்ட பாடு என்ன, இது செய்கிற வேலை என்ன என்று சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் மூலையைக் கவனித்தார்.

"என்ன சார் தேடுறீக?"

ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த முனீஸ்வரிதான் கேட்டாள்.

"பிள்ளையாரத் தேடுறேன்."

முனீஸ்வரி உடனே குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். "கீழ ஒண்ணும் விழல சார்."

"அடியில இல்ல. இதுக்குள்ள." திரையில் ஆட்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழே நகர்த்தினார். அய்யனார், ஆதிலட்சுமி, இருளப்பன்... விரல் நின்றது. இருளப்பனுக்குக் கீழே, கருப்பாயிக்கு மேலே, நாலாவது வரிசையில் ஆளோடு ஆளாகப் பிள்ளையார் நின்றுகொண்டிருந்தார். "இந்தா இருக்காரு!"

"எல்லார் பேரும் ஏத்தியாச்சா சார்?" என்று முனீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"ஒரு ஆளு விடல. நீ அந்தக் கண்ணாடியத் தொடை."

அந்த ஜன்னல்தான் குருசாமியின் சொத்து. வெளியே, வெளுத்த பேண்டேஜ் துணியை நீள நீளமாகக் கொடிகளில் காயப் போட்டிருப்பார்கள். அதற்கு அப்பால் தென்னந்தோப்பு. அதற்கும் அப்பால் மலை. பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் மலையிலிருந்து இறங்கி வரும்போது எது துணி எது மேகம் என்று தெரியாது. அந்த நேரத்தில் குருசாமி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் காணாமல் போவார். ஒரு நாள் மேகத்துக்கும் வருகைப் பதிவு நோட்டு போட்டிருந்தார்: வெள்ளை மேகம் முதல் ஷிப்டு, கறுத்தது இரண்டாம் ஷிப்டு. மழை வந்தால் ஓவர்டைம்.

அந்த ஜன்னலோர நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. கோயம்புத்தூரில் படித்துவிட்டு ஜூன் மாதம் வந்து உட்கார்ந்த முதலாளி மகன் கௌதம்ராஜுக்கு நோட்டு என்றாலே ஆகாது. எல்லாம் எக்செல்லில் வர வேண்டும். ஆயுத பூஜைக்குள் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் வருவார். குருசாமி அண்ணன் கழிவுத் துணிக் குடோனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். குடோனில் மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு. ஜன்னல் கிடையாது.

பிள்ளையாரை எப்படி மேலே ஏற்றுவது என்று குருசாமி யோசித்துக்கொண்டிருந்தபோதே கௌதம்ராஜ் உள்ளே வந்தார்.

"குருசாமிண்ணே, ஷீட் ரெடியா? ஆயுத பூஜைக்கு இந்தத் தடவ ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி குடுக்கணும்னு அப்பா சொல்லிட்டாரு. பேர் வெட்டித்தான் குடுக்கணுமாம். லிஸ்ட இப்பவே பாத்திரக் கடைக்கு அனுப்பணும். மொத்தம் எத்தன பேரு?"

"அறுபத்திரண்டு மொதலாளி."

கௌதம்ராஜ் குனிந்து, ஓரத்தில் ஒரு காலிக் கட்டத்தில் எண்ணிச் சொல்லும் பார்முலாவை டைப் செய்து என்டரைத் தட்டினார்.

"அறுபத்து மூணு காட்டுதேண்ணே."

"தப்பாக் காட்டுது."

"மெஷின் தப்பா எண்ணாது. மனுசன்தான் எண்ணுவான்."

குருசாமிக்குச் சுருக்கென்று ஏறியது. ஆளை எண்ணுவதில் அவரை யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தலை நிமிராமலே, செருப்புச் சத்தத்தை வைத்து இது சேத்தூர் பஸ்ஸில் வருகிற வேல்சாமி, இது மம்சாபுரத்திலிருந்து வருகிற மாரீஸ்வரி என்று சொல்லிவிடுவார். நேற்று வந்த மெஷின் ஒன்று அவரிடம் ஆள் கணக்குச் சொல்வதா? கோபத்தில் நாலாவது வரிசை மறந்தே போயிற்று.

"மொதலாளி, அறுபத்து மூணு பேர்னா அது கோயில்ல சாமி புறப்பாட்டுக்குச் சரி. இந்த மில்லுல அறுபத்திரண்டு பேருதான். ஒரு ஆளு கூட இருந்தா நானே எந்திரிச்சுக் குடோனுக்குப் போயிருதேன்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"இருபத்தாறு வருச சர்வீஸ் மேல சொல்லுதேன்."

கௌதம்ராஜ் சிரித்தார். "சரி, அறுபத்து மூணு வாளியே வரட்டும். பூஜையன்னைக்கு எல்லாருக்கும் குடுத்து முடிச்சு ஒண்ணு மிஞ்சுச்சுன்னா நீங்க சொன்னது சரி. ரிட்டயர் ஆகுற வரைக்கும் இந்த ஜன்னலும் நோட்டும் உங்களுக்கே. மிஞ்சலைன்னா மறுநாள் குடோன். சம்மதமா?"

"மிஞ்சும் மொதலாளி."

கௌதம்ராஜ் அந்த இடத்திலேயே லிஸ்டைப் பாத்திரக் கடைக்கு மெயிலில் அனுப்பிவிட்டு வெளியேறினார். முனீஸ்வரி துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி ஒரு தடவை துடைத்தாள்.

பதினோரு மணிக்கு டீ எப்போதும்போலத் தானாக வந்து மேஜையில் இருந்தது. குருசாமி அதைக் குடித்துக்கொண்டே நோட்டை எடுத்து எண்ணினார். அறுபத்திரண்டு. மறுபடி எண்ணினார். அறுபத்திரண்டேதான்.

*

சாயங்காலம் ஐந்தரை வகுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு இல்லாமலில்லை. இங்கே சேர்ந்தால், பிளஸ் டூ பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை எவனாவது மில் ஆள் பார்த்துத் தொலைப்பான். அதற்காகத்தான் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் படித்தார்.

வகுப்பு, ரத வீதியில் ஒரு மாடியில். நடத்துகிறவள் வஞ்சுளவல்லி. கோயிலுக்கு மாலை கட்டித் தரும் குடும்பம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்த ஜன்னலில் மலை தெரியாது, கோபுரம் தெரியும். கோபுரத்தின் நிலைகளையும் திரையின் கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் யாரோ குடியிருப்பதாகக் குருசாமிக்குத் தோன்றும். 'பி-ஏழு' என்று ஒரு வீடு. கொல்லைப்புறத்தில் 'பி-எட்டு'. எதிர்வீடு 'சி-ஏழு'. சாயங்கால வெளிச்சத்தில் அந்த வீதிகளில் நடந்துபோய்க்கொண்டே இருக்கலாம். ஷீட்டுக்கு எல்லை எங்கே என்று அவர் இன்னும் பார்த்ததில்லை.

"சார், எந்த ஊருக்குப் போயிட்டேள்? மவுஸ் அப்படியே நிக்கறது" என்றாள் வஞ்சுளவல்லி.

"மேடம், இந்த மெஷினு எங்க மில்லுல ஒரு ஆளக் கூடுதலா எண்ணுது." பென் டிரைவை நீட்டினார்.

அவள் ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "நாலாவது யாரு சார், வெறும் 'உ'ன்னு இருக்கு?"

"பிள்ளையாரும்மா."

வஞ்சுளவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்பெஞ்சுப் பிள்ளைகள் பொத்திக்கொள்ளவில்லை.

"அவரையும் மில்லுல வேலைக்குச் சேர்த்துண்டேளா? கட்டத்துக்குள்ள எது இருந்தாலும் இது எண்ணும் சார். சாமியா ஆசாமியான்னு அதுக்குத் தெரியாது. எங்காத்துல 'ஸ்ரீ'ன்னு போட்டுத்தான் ஆரம்பிப்போம். அதையும் எண்ணத்தான் செய்யும்."

குருசாமிக்கு உச்சந்தலையில் வியர்த்தது. ஆக, அந்த அறுபத்து மூணாவது ஆள் அவர் கையாலேயே வைத்த ஆள். இது மட்டும் சின்ன முதலாளிக்குத் தெரிந்தால், 'ஷீட்டில் சாமி கும்பிடுகிறவருக்கு எக்செல் எதற்கு?' என்று இன்றைக்கே குடோன் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்.

"அழிச்சிடுங்கோ சார். ஒரு டெலிட்தானே?"

"பிள்ளையாரையா?"

அவர் குரலைக் கேட்டு வஞ்சுளவல்லி டெலிட் பக்கம் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"சரி, அழிக்க வேண்டாம். வேற எங்கயாவது தள்ளி வையுங்கோ. எப்படின்னு சொல்லித் தரட்டுமா?"

"பொறவு பாத்துக்கிடலாம்மா" என்றார் குருசாமி. எதைச் சொன்னாலும் அவர் சொல்கிற பதில் அது. கடைசி பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. ஆனால் பிள்ளைகள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

*

மறுநாள் காலையில் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினார். கம்ப்யூட்டர் நேற்று விட்ட இடத்திலேயே திறந்திருந்தது. மூடினால் மறுபடி திறக்க வருமோ வராதோ என்ற பயத்தில் நாலு நாளாக அவர் அதை மூடவே இல்லை.

முதலில் நாலாவது வரிசையை மறைத்தார். பிள்ளையார் திரைக்குப் பின்னால் போய்விட்டார். இருளப்பனும் கருப்பாயியும் நெருங்கி நின்றார்கள். ஓரக் கட்டத்தைப் பார்த்தார். 63.

மறைவாக இருந்தாலும் எண்ணுகிறதே என்று, வரிசையைத் திரும்ப எடுத்துவிட்டு, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கினார். வெள்ளைக் கட்டத்தில் வெள்ளைப் பிள்ளையார். கண்ணுக்கே தெரியவில்லை. 63.

"தெரியாட்டாலும் இருக்கேன்னு சொல்லுதாரு பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மிச்சம் இருப்பது ஒரே வழி. வஞ்சுளவல்லி சொன்ன மாதிரி தள்ளி வைப்பது. அந்தக் கட்டத்தின் கீழ் மூலையில் புள்ளியாக ஒரு சின்னச் சதுரம் இருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் பிள்ளையார் கூடவே வருவார் என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே முடிவு செய்தார். அதைப் பிடித்து, எல்லாப் பெயருக்கும் கீழே கொண்டுபோய் விடலாம் என்று மவுஸை அமுக்கியபடி இழுத்தார். இழுத்ததுதான் தெரியும். கருப்பாயி, காளீஸ்வரி, பாலகணேஷ், மாரீஸ்வரி, வேல்சாமி எல்லோரும் சரசரவென்று மேலே ஓடினார்கள். நிறுத்த நினைத்து நிறுத்துவதற்குள் மவுஸ் எங்கேயோ போயிருந்தது.

விரலை எடுத்தார்.

மேலே மூன்றே பெயர்கள். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெளுத்துக் காயப்போட்ட துணி மாதிரி திரை சுத்தமாக இருந்தது. பிள்ளையார் நகரவில்லை, இழுத்த இடமெல்லாம், ஒவ்வொரு பெயரின் மேலும், தன்னைப்போல் ஒருவரை வெள்ளை நிறத்தில் உட்கார வைத்துவிட்டார். ஓரக் கட்டத்தில் எண்ணிக்கை வந்திருந்தது. 211.

கண்ணுக்குத் தெரியாத இருநூற்றெட்டுப் பேர். குருசாமிக்கு ஒரு கணம் பயம் போய்விட்டது. அவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் காலை ஷிப்டுக்கு நடந்து வருவதாகவும், ஒருவரும் தாமதமில்லை, ஒருவருக்கும் வயிற்று வலி இல்லை என்றும், இவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து "உள்ளேன் ஐயா" என்ற குரல்களைக் கேட்டு எழுதிக்கொண்டே இருப்பதாகவும் தோன்றியது. எழுத எழுத நோட்டு வெள்ளையாகவே இருந்தது.

வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டது. சின்ன முதலாளி!

வஞ்சுளவல்லிக்குப் போன் போட்டார். "மேடம், எல்லாரும் போயிட்டாக!"

"ஐயையோ, யாரு சார்?"

"மில்லுல எல்லாரும்! பிள்ளையார இழுத்தேன். அம்புட்டுப் பேரு மேலயும் ஏறி உக்காந்துட்டாரு."

வஞ்சுளவல்லி சிரிப்பை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "கண்ட்ரோல்னு இருக்கோல்லியோ, அதை அமுக்கிண்டே இசட்டைத் தட்டுங்கோ. கடைசியாப் பண்ணினதை அது பண்ணாத மாதிரி ஆக்கிடும்."

தட்டினார். காளீஸ்வரி, பாலகணேஷ், மாரீஸ்வரி என்று அத்தனை பேரும் ஒரே தட்டில் திரும்பி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். குருசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

பண்ணினதைப் பண்ணாத மாதிரி ஆக்குகிற பொத்தான் ஒன்று இத்தனை நாளாக இந்த உலகத்தில் இருந்திருக்கிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. இருபது வயதில் ரயில்வே பரீட்சைக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் மலையைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போனது நினைவுக்கு வந்தது. தம்பியின் கல்யாணத்தில் ஒரு வாய்ச்சொல்லுக்கு முறுக்கிக்கொண்டு சாப்பிடாமல் வந்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. ஷீட்டில் வெள்ளை நிறம் போனது. மறைத்த வரிசை வந்தது. கௌதம்ராஜ் போட்ட பார்முலா போனது, அதோடு 63-ம் போனது. கடைசித் தட்டில் அகர வரிசை கலைந்தது. எல்லோரும் பழையபடி நின்றார்கள். பிள்ளையார் முதல் கட்டத்தில் அம்சமாக உட்கார்ந்திருந்தார்.

அத்தோடு கையை எடுத்துவிட்டார். அந்த ரயில்வே பரீட்சைக்குப் போன பஸ்ஸில் சரியான ஊரில் இறங்கியிருந்தால் இந்த ஜன்னல் ஏது?

கதவைத் தள்ளிக்கொண்டு கௌதம்ராஜ் எட்டிப் பார்த்தார். "ஷீட் எப்படி இருக்குண்ணே?"

"எல்லாரும் நல்லா இருக்காக மொதலாளி."

அவர் போனதும் குருசாமி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். அப்போது போன் அடித்தது.

"அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக் கடையிலருந்து பேர் வெட்டுற வேல்பாண்டி பேசுதேன். உங்க லிஸ்டுல நாலாவது ஆளு பேரு என்ன?"

*

லிஸ்ட் நேற்றே போய்விட்டது என்பது குருசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. போன மெயிலுக்குக் கண்ட்ரோல் இசட் கிடையாதாம், வஞ்சுளவல்லியிடம் கேட்டாயிற்று.

சாயங்காலம் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். சுவரோரம் தூக்குவாளிகள் அடுக்கடுக்காக மின்னின. வேல்பாண்டி ஒரு வாளியை மடியில் வைத்து, டிர்ர்ர் என்று அதிரும் சின்ன மெஷினால் புள்ளி புள்ளியாக 'மாரீஸ்வரி' என்று வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. எல்லாத்துக்கும் பேரு இருக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் சுழி போட்டு விட்டுட்டீக. கீழ பேர் எழுத மறந்துட்டீகளா?"

'அது பேரில்ல, அத விட்டுருங்க' என்று சொல்லத்தான் குருசாமி பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருந்தார். வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

இதை விட்டுவிட்டால் அறுபத்திரண்டு வாளி. அறுபத்திரண்டு பேர். ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சாவிட்டால் குடோன்.

வாளி வந்தால்? அறுபத்திரண்டு பேரும் வாங்கிக்கொண்டு போன பிறகு ஒன்று மேஜையில் நிற்கும். சின்ன முதலாளி வாயாலேயே தோற்றேன் என்று சொல்வார். இரண்டு நாளாகத் தன்னைப் பாடாய்ப் படுத்திய பிள்ளையார் எதற்காக நாலாவது வரிசையில் போய் நின்றார் என்பது குருசாமிக்கு அந்தக் கடையில், அந்தப் பாத்திர வெளிச்சத்தில், பளிச்சென்று விளங்கியது. அவர் நாற்காலியைக் காப்பாற்றத்தான் போய் நின்றிருக்கிறார்!

"லிஸ்டுல எப்படி இருக்கோ அப்படியே வெட்டுங்க. சுழி மட்டும்."

"பேரு?"

"பேரு பொறவு பாத்துக்கிடலாம்."

வேல்பாண்டி விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் கலைஞன். அந்த ஒற்றைச் சுழியை அகலமாக, வால் நீட்டி, மற்ற எல்லாப் பெயரையும்விட அழகாக வெட்டிக் கொடுத்தார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட். தூரத்தில் மலை நீலமாகக் கூடவே வந்தது. பூஜையன்று பேச வேண்டியதை அதனிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மலை எல்லாவற்றுக்கும் சம்மதித்தது.

*

ஆயுத பூஜையன்று தறிகள் எல்லாம் நின்று, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு பதவிசாக இருந்தன. கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு. வெளியே துணி காயும் களத்தில் பெஞ்சு போட்டு, அறுபத்து மூன்று தூக்குவாளிகளையும் அடுக்கியிருந்தார்கள். குருசாமி நோட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்க, கௌதம்ராஜ் வாளியை எடுத்துக் கொடுத்தார்.

வாங்கியவர்கள் யாரும் வாளிக்குள்ளே பார்க்கவில்லை. எல்லோரும் வெளியே வெட்டியிருந்த பெயரைத்தான் விரலால் தடவிப் பார்த்தார்கள். கருப்பாயி முந்தானையால் ஒரு துடை துடைத்து, "எம் பேரு இம்புட்டு நீளமா!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். வேல்சாமி தன் வாளியை வெயிலில் திருப்பித் திருப்பி, பெயரின் வெளிச்சத்தை வேப்பமரத்தில் அடித்து விளையாடினார். முனீஸ்வரி ஒரு பெரிய தாம்பாளத்தில் பொரியும் கடலையும் ஏந்திக்கொண்டு வரிசைக்குள்ளே புகுந்து புகுந்து எல்லோருக்கும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அறுபத்திரண்டாவது பெயர் வாசித்தாயிற்று. குருசாமி நோட்டை மூடினார்.

பெஞ்சில் ஒரே ஒரு வாளி நின்றது.

"மொதலாளி" என்று தொண்டையைச் செருமினார். மலையிடம் ஒத்திகை பார்த்த பேச்சு தயாராக இருந்தது. "உங்க மெஷினுக்கு எண்ணத் தெரியும். ஆனா ஆளு யாரு, ஆளில்லாதது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. பிள்ளையார் சுழியையும் ஒரு ஆளுன்னு எண்ணி ஒரு வாளி வாங்க வச்சிருச்சு. அதுக்கு ஒவ்வொரு ஆளையும் முகம் பாத்து எழுதுன மனுசன் வேணும் மொதலாளி. இந்த மில்லுல எனக்குத் தெரியாம ஒரு ஆளு கிடையாது."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கௌதம்ராஜ் அந்த வாளியை எடுத்துச் சுழியைப் பார்த்தார். விஷயம் புரிந்து, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதைப் பெஞ்சிலேயே திரும்ப வைத்தார்.

"தோத்துட்டேண்ணே. அறுபத்திரண்டுதான். ஜன்னல் உங்களுக்கே."

குருசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. மணி மூன்று இருக்கும். மேகம் மலையை விட்டு இறங்கித் தென்னந்தோப்பைத் தொட்டு, கொடியில் ஆடிய துணிகளோடு வந்து கலந்தது. இனி ரிட்டயர் ஆகும்வரை தினமும் இது உண்டு. கண்ணை மூடி அந்தக் குளிர்ச்சியை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார்.

கண்ணைத் திறந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

காலித் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, முனீஸ்வரி அந்த வாளியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி முனீஸ்வரி, அத வையி. அது மிஞ்சுன வாளி. யாரு பேரும் இல்ல அதுல."

முனீஸ்வரி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், தினமும் டீயை வைத்துவிட்டுப் போகிற அதே குரலில் சொன்னாள்:

"பேரு இல்லாத வாளின்னா அது எனக்குத்தான சார், 'ரெண்டு நாளைக்கு வந்து நில்லு, பேரப் பொறவு ஏத்திக்கிடலாம்'னு நீங்க சொல்லி, வார ஐப்பசியோட பதினோரு வருசம் ஆவுது."